பெயர் நீக்கப்பட்ட பட்டியல்

ஜூன் 3, செவ்வாய்

வலது கடைவாய்ப் பல் நேற்றிலிருந்து உயிரை எடுக்கிறது. கிராம்பைக் கடித்துக்கொண்டுதான் ஆய்வுக் கூட்டத்துக்குப் போனேன். ஆணையர் ஒன்றரை மணி நேரம் பேசினார். மாநகராட்சியின் எல்லாப் பிரிவுகளும் தங்களிடம் உள்ள தகவல்களை இம்மாதப் பாதிக்குள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டுமாம். 'திறந்த தரவுத் தளம்' என்று பெயர். எத்தனை கோப்பு ஏற்றினோம் என்பதை வைத்து மாநகரங்களுக்குத் தரவரிசை. முதல் மூன்று இடங்களுக்கு விருது.

பூங்காப் பிரிவு மரங்களின் பட்டியலைத் தருகிறது. சுகாதாரப் பிரிவு தெருநாய்க் கணக்கைத் தருகிறது. நான் குறைதீர் பிரிவின் கண்காணிப்பாளர், என்னிடம் இருப்பது ஜனங்களின் புகார். ஓராண்டுப் புகார் மொத்தத்தையும் தருகிறோம் என்று துணை ஆணையர் அறிவுடைநம்பி எழுந்து வாக்குக் கொடுத்துவிட்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலிண்டர் பதிய மறந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பல்லுக்கு வேர் சிகிச்சையாம். மருத்துவர் நாலு தடவை வரச் சொல்கிறார். ஊசி போட்டுத் தாடை மரத்துப்போய் அலுவலகம் திரும்பினால், தொழில்நுட்பப் பிரிவு பால்துரை போனில் பிடித்துக்கொண்டார். பதினோராயிரத்துச் சொச்சம் புகார். பெயர், போன் எண், கதவு எண் மூன்று பத்திகளையும் எடுத்துவிடச் சொன்னேன். தெருவின் பெயர் வேண்டும், இல்லையென்றால் எந்தத் தெருவில் சாக்கடை அடைத்தது என்று எப்படித் தெரியும்? வேறொரு பத்தியைப் பற்றியும் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

கஞ்சி மட்டும் குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

'இக்கோப்பில் தனிநபரை அடையாளம் காட்டும் விவரம் ஏதுமில்லை எனச் சரிபார்க்கப்பட்டது.' இப்படி ஒரு சான்று. கீழே பிரிவுக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் இதுபோல் முப்பது தாள் கிடந்தன. ஆகஸ்டில் உதவி ஆணையர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது, மூன்றாவது இடத்தில் நான் இருக்கிறேன். இந்த நேரத்தில் என்னால் ஒரு கோப்பு தாமதம் என்ற பேச்சு வரக்கூடாது. போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

தளம் திறந்தாகிவிட்டது. கேக் வெட்டினார்கள். என்னால் மெல்ல முடியவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பதினோரு மணிக்கு ஒரு பெண் என் மேசைக்கு நேரே வந்து நின்றாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். முழங்கை வரை உளுந்துமாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இங்க வடிவு மேடம்ங்கது யாரு?"

"நான்தான். என்ன வேணும்?"

"பேரை வெளிய சொல்ல மாட்டோம்னு போன்ல பேசுன பிள்ளை சொல்லிச்சு. சொல்லிட்டு இப்படிச் செய்யலாமா?"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. எங்கள் தளத்திலிருந்து அந்தத் தெருவின் வரிகளை மட்டும் யாரோ வெட்டிப் போட்டு, 'நம்ம தெருவுல யார் யார் புகார்னு பாத்துக்கோங்க' என்று எழுதியிருந்தார்கள். ஒரு வரியில் சிவப்பு வட்டம். வார்டு 27, கீழப் புதுத்தெரு, குடிநீர்க் குழாயில் நேரடி மோட்டார், த/க: வெயிலுமுத்து.

அவள் பெயர் முப்பிடாதி. வெயிலுமுத்து அவள் கணவர், இறந்து நாலு வருடம். ஆறுமுகநயினார் என்ற பாத்திரக் கடைக்காரரின் வளவில் எட்டு வீடு, அதில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே ஒரு குழாய். தெருக்குழாயில் மோட்டாரை மாட்டி, வருகிற தண்ணீரையெல்லாம் நயினார் தன் மாடித் தொட்டிக்கு இழுத்துக்கொள்கிறார். இவள் இட்லி மாவு அரைத்து அதே தெருவில் விற்றுப் பிழைக்கிறவள். தண்ணீர் இல்லாமல் மாவு ஏது? மே மாதம் எங்கள் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் சொல்லியிருக்கிறாள்.

"உங்க பேரு இதுல இல்லையேம்மா," என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

"தெருவுல வெயிலுமுத்து ஒருத்தருதான். அவுகளுக்குப் பொண்டாட்டியும் ஒருத்திதான்."

 அவளே தொடர்ந்தாள். "நேத்துக் காலைல நயினாரு வாசல்ல நின்னு வளவுக்கே கேக்கும்படி சத்தம் போடுதாரு. 'செத்தவன் எந்திரிச்சு வந்தா புகார் குடுத்தான்?'னு கேக்காரு. குழாயில சங்கிலி போட்டுப் பூட்டியாச்சு. ஆடி பொறக்குறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணணுமாம். ஆடியில எவன் எனக்கு வீடு குடுப்பான், சொல்லுங்க?"

விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.  செத்தவர் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை வாசலில் நிறுத்திக் கேட்கிறான், மனிதனா அவன்? வட்டம் போட்ட அந்த மகராசன் யார்? பால்துரை என்ன செய்துகொண்டிருந்தார்?

ஜூன் 25, புதன்

பால்துரையின் அறைக்கே போய் நாலு பேர் முன்னால் கத்திவிட்டேன். சம்பளம் வாங்குகிறீர்களா, வேடிக்கை பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "மேடம், நான் ஒங்ககிட்ட கேட்டேம்லா," என்றார்.

கேட்டாராம். பல்லைத் தோண்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவளிடம் போனில் கேட்பதெல்லாம் ஒரு கேள்வியா? ஒரு தாளில் எழுதிக் கேட்டிருக்க வேண்டாமா?

கோப்பை உடனே இறக்குங்கள் என்றேன். துணை ஆணையர் கையெழுத்துப் போட்ட குறிப்பு இல்லாமல் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது என்கிறார்.

ஜூன் 26, வியாழன்

துணை ஆணையரைப் பார்த்தேன். முப்பிடாதியின் கதை முழுவதையும் சொன்னேன். நடுவில் இரண்டு போன் பேசினார்.

"பாவம்தான்," என்றார். "ஆனா நடுவர் குழு பத்தாம் தேதி வரை தளத்தைப் பாக்காங்க. நம்ம கோப்புலயே பெரிய கோப்பு ஒங்களுதுதான். அதை எடுத்தா நாம எங்க நிப்போம்?"

"ஒரு பொம்பளை தெருவுல நிக்கப் போறா சார்."

"வேண்டாம்னு சொல்லலையே. காரணம் எழுதிக் குடுங்க, எடுத்திருவோம். என்ன காரணம் எழுதுவீங்க? அடையாளம் காட்டும் விவரம் இருந்துச்சுன்னு எழுதணும். அப்போ இல்லைன்னு சான்று குடுத்தது யாரு?" கோப்பைப் புரட்டி, என் கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டினார். "ஆகஸ்ட்ல பட்டியல் வருதுல்லா?"

எவ்வளவு மரியாதையாகக் கழுத்தை நெரிக்கிறார்கள்! ஒரு நகரம் எத்தனை கோப்பு ஏற்றியது என்று எண்ணுகிறார்களே, அந்தக் கோப்பால் யார் வீட்டுக் குழாய் பூட்டப்பட்டது என்று எண்ண ஒரு நடுவர் உண்டா?

ஜூன் 27, வெள்ளி

துணை ஆணையர் கேட்ட காரணக் குறிப்பை எழுத நேரமில்லை. தணிக்கைக்காரர்கள் வந்திருந்தார்கள்.

ஜூன் 28, சனி

வீட்டைக் கழுவினேன். பரணைச் சுத்தம் செய்தேன். 'யார் மேல உள்ள கோவம் இது?' என்று என் கணவர் கேட்டார். நயினார் மேல் என்றேன். யார் நயினார் என்றார்.

ஜூன் 30, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோப்பை நானே திறந்து முதலிலிருந்து படித்தேன். வரி கேட்டு வந்தவர் கையூட்டுக் கேட்டதாக ஒரு புகார், த/க: சுடலைமாடன். மகளிர் விடுதிச் சந்தில் விளக்கை உடைப்பது யார் என்று அடையாளத்தோடு ஒரு புகார், த/க: மைதீன் பிச்சை. வாய்க்காலை மறித்துக் கட்டிய வீட்டைப் பற்றி, த/க: தேவசகாயம். இருநூறு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. இத்தனை பேரும் எங்களை நம்பிக் கூப்பிட்டவர்கள்.

த/க என்றால் தந்தை அல்லது கணவர் பெயர். அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக அந்தப் பத்தியை வைத்துத்தான் பிழைக்கிறேன். இருபத்தேழாம் வார்டில் மட்டும் ஆறு முப்பிடாதி உண்டு. ஒரே ஆள் இரண்டு தடவை பதிந்தாளா, வேறு வேறு ஆளா என்று எப்படிப் பிரிப்போம்? கணவர் பெயரைப் பார்ப்போம். ஆளை அடையாளம் கண்டுபிடிப்பதற்காகவே வைத்திருக்கும் பத்தி அது.

அன்று போனில் பால்துரை கேட்டது இதுதான்: "த/கன்னு ஒண்ணு கெடக்கே மேடம், அதையும் தூக்கிரவா?" நான் சொன்னது: "அது பேரு இல்ல சார், அது இருந்தாத்தான் ஆளைப் பிரிக்க முடியும். இருக்கட்டும்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன். பத்திக்கு மேலே 'பெயர்' என்று எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான். முப்பிடாதியை எடுத்தால் முப்பிடாதி போய்விட்டாள் என்று நினைத்தேன். எந்தப் படிவத்திலும் என் பெயருக்குப் பின்னால் க/பெ சிதம்பரதாணு என்று இருபத்தெட்டு வருடமாக எழுதுகிற நானே அப்படி நினைத்தேன்.

பல் மருத்துவரிடம் இன்று போகவில்லை.

ஜூலை 2, புதன்

கீழப் புதுத்தெருவுக்குப் போனேன். ஆய்வு என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனேன், ஆனால் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

குழாயில் சைக்கிளுக்குப் போடுகிற சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தது. அதற்கு நாலடி தள்ளி, தெருக்குழாயில் மாட்டிய மோட்டார் பட்டப்பகலில் உறுமிக்கொண்டிருந்தது. முப்பிடாதி இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் தூக்கி வருகிறாள். முன்பு எட்டுப் படி மாவு அரைத்தவள் இப்போது இரண்டு படிதான் அரைக்கிறாள்.

அடுத்த வீட்டுக்காரி என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கூப்பிட்டாள். "மேடம், தெருவிளக்கு எரியலைன்னு நானும் ஒரு புகார் சொன்னேன். அதை வாபஸ் வாங்கணும். யாருகிட்ட எழுதிக் குடுக்க?"

"விளக்கு எரியுதா?"

"எரியல. எரியாட்டிப் போவுது. எங்க வீட்டுக்காரரு பேரு வெளிய வரக்கூடாது."

நயினார் அதற்குள் இறங்கி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நல்ல மரியாதை. உட்காருங்கள், காப்பி சாப்பிடுங்கள் என்கிறார். செய்கிற காரியத்துக்கு வெட்கமில்லையா என்று கேட்டேன். மோட்டார் சட்டவிரோதம் என்றேன். வாடகைக்காரியைப் பழிவாங்குகிறீர்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, வளவே வாசலுக்கு வந்தது.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "யாரு பேரையும் நான் திருடிப் பாக்கலையே மேடம். ஒங்க ஆபீஸ்தான குடுத்துச்சு? பொதுமக்கள் பாக்கட்டும்னு நீங்கதான போட்டிய? நான் பொதுமக்கள்தான?" என்றார்.

எட்டு வீட்டு ஜனம் என் முகத்தைப் பார்த்தது. காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

குறிப்பு எழுதிவிட்டேன். நாலே வரி.

'குறைதீர் பிரிவுக் கோப்பில் தந்தை/கணவர் பெயர்ப் பத்தி நீக்கப்படவில்லை. அதனைக் கொண்டு புகார்தாரர்களை எளிதில் அடையாளம் காண முடிகிறது. அப்பத்தியை நீக்குவதா எனத் தொழில்நுட்பப் பிரிவு கேட்டபோது வேண்டாம் என்றது நான். 13.6 அன்று நான் அளித்த சான்று தவறானது.'

அறிவுடைநம்பி இரண்டு தடவை படித்தார். "யோசிச்சுத்தான் குடுக்கீங்களா?" என்றார். யோசித்ததால்தான் எட்டு நாள் ஆனது என்றேன்.

நாலே காலுக்குக் கோப்பு தளத்திலிருந்து இறங்கியது. பால்துரையிடம் போய், அன்று நாலு பேர் முன்னால் கத்தினேனே, அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். நானும் ரெண்டாந்தடவ கேட்டிருக்கணும்," என்றார். இதற்குள் எத்தனை பேர் கோப்பைத் தங்கள் கணினிக்கு நகல் எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அறுநூற்று நாற்பது.

ஜூலை 8, செவ்வாய்

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். பதவி உயர்வு இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம் ஓய்வு. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் தட்டில் சோறு போட்டார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

ஜூலை 11, வெள்ளி

குடிநீர்ப் பிரிவுக்கு மூன்றாவது தடவையாக ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மோட்டாரைப் பறிமுதல் செய்ய ஒரு ஆள், ஒரு ஸ்பானர் போதும். விருது விழா வேலையில் இருக்கிறார்களாம்.

ஜூலை 15, செவ்வாய்

முப்பிடாதி இன்று காலி செய்தாள். சுற்றி நாலு தெருவில் கேட்டுப் பார்த்திருக்கிறாள், வீடு காலியாக இருந்தும் ஒருவரும் தரவில்லை. 'புகார் குடுக்குறவ' என்று பெயராகிவிட்டதாம். பெயரை நீக்கிய எங்கள் மாநகராட்சி அவளுக்கு வைத்த பெயர் அது. ஊருக்கு வெளியே தங்கை வீட்டுக்குப் போகிறாள். கிரைண்டரைச் சரக்கு ஆட்டோவில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தப்பு என்னுடையது, என்னால்தான் இது நடந்தது என்று சொன்னேன். அந்தப் பத்தியைப் பற்றியும் சொன்னேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடியே கேட்டாள்.

"நீங்க வந்து சொல்லுதிய, சரி. எனக்கு அங்க யாரு மாவு வாங்குவா? அங்க வீட்டுக்கு வீடு கிரைண்டரு இருக்கு."

கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்ள, அவளே பேசினாள்.

"ஒரு ஒவகாரம் செய்ங்க. யாரும் கேட்டா நான் எங்க போயிருக்கேன்னு சொல்லாதிய. அதையும் எழுதி எங்கயாவது போட்டிராதிய."

ஆட்டோ போன பிறகு, தெருமுனை மறைவில் நின்று அழுதேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஜூலை 18, வெள்ளி

குடிநீர்ப் பிரிவு கடைசியில் ஆளை அனுப்பியிருக்கிறது. அவர் எழுதிய அறிக்கை என் மேசைக்கு வந்தது. 'புகார்தாரர் மேற்படி முகவரியில் தற்போது வசிக்கவில்லை. எனவே புகார் முடித்து வைக்கப்படுகிறது.' நிலை: தீர்வு காணப்பட்டது.

மூன்று தடவை படித்தேன். பேனாவைச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்துக்கொண்டேன், வேறு பேனா இல்லை.

ஜூலை 21, திங்கள்

ஆய்வுக் கூட்டம். நமக்கு இரண்டாம் இடம். கைதட்டல் அடங்கியதும் திரையில் நகரத்தின் வரைபடத்தைப் போட்டார்கள். அதிகப் புகார் வந்த வார்டுகள் சிவப்பு, கொஞ்சம் வந்தவை மஞ்சள். நடுவில் ஒரே ஒரு வார்டு பளிச்சென்று பச்சை. இருபத்தேழு. ஜூலை மாதத்தில் இன்றுவரை அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. பழைய புகார்கள் நூற்றுக்கு நூறு தீர்க்கப்பட்டன. ஆணையர் எழுந்து நின்று, இதை மாதிரி வார்டாக அறிவிக்கலாம், மற்ற வார்டுகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே விளக்கு எரியவில்லை. குழாயில் சங்கிலி தொங்குகிறது. வாய் திறந்தவளை ஊரைவிட்டே அனுப்பியாகிவிட்டது, மற்றவர்கள் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். அந்த மௌனத்துக்குப் பச்சை வர்ணம் அடித்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்! ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். குறிப்பாணை உள்ளவள் கூட்டத்தில் பேசக்கூடாதாம், அறிவுடைநம்பி கண்ணாலேயே உட்காரச் சொன்னார்.

மாடிப்படிக்கு வந்து, என் போனிலிருந்து எங்கள் உதவி எண்ணையே கூப்பிட்டேன். கீழப் புதுத்தெரு, பாத்திரக் கடை நயினார் வீடு, தெருக்குழாயில் மோட்டார், இன்று காலையும் ஓடியது என்றேன். பெயர் கேட்டாள். செண்பகவடிவு என்று சொன்னேன். மறுமுனையில் இருந்தவள் என் பிரிவுப் பெண்தான், குரல் தெரியாதது போலவே பதிந்துகொண்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

காலை பத்தரைக்கு அறிவுடைநம்பி போனில் வந்தார். குரல் காட்டமாக இருந்தது.

"என்ன மேடம், இருபத்தேழு மஞ்சளாயிட்டு? நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வாராங்க. நேத்து ஒரு புகார் ஏறியிருக்கே, யாரு அது?"

"மோட்டாரைக் கழட்டுனா பழையபடி பச்சை ஆயிரும் சார்."

"அது இருக்கட்டும். யாரு குடுத்ததுன்னு கேக்கேன். பேரைச் சொல்லுங்க."

"பேரை வெளிய சொல்லக்கூடாது சார்," என்றேன்.